செம்மறிக் குட்டிக்கு நாடாப்புழு எங்கிருந்து வருகிறது? ஆடு வளர்ப்போருக்குப் பயனுள்ள குறிப்புகள்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் சமயத்தில் ஆடு வளர்ப்போர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது: "குட்டி நல்லாத்தான் மேயுது, உடம்புதான் தேறல. புழுக்கையில வெள்ளை வெள்ளையா என்னமோ வருது." உடனே மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். மருந்து கொடுத்த இரண்டு மாதத்தில் அதே வெள்ளை மறுபடியும் தலைகாட்டுகிறது. காரணம் மேய்ச்சல் நிலத்தின் புல்லடியில் இருக்கிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 45 லட்சம் செம்மறிகள் உள்ளன. பெரும்பாலும் மேய்ச்சலை நம்பித்தான் அவற்றின் பிழைப்பு. அதனால் இந்தக் குறிப்புகளில் மருந்துக்குச் சமமாக மேய்ச்சலுக்கும் இடம் கொடுத்திருக்கிறேன்.

1. முதலில் அது நாடாப்புழுதானா என்று உறுதி செய்யுங்கள். காலையில் பட்டியைக் கூட்டுவதற்கு முன், ஈரம் காயாத புதுப் புழுக்கையைப் பாருங்கள். சோற்றுப் பருக்கை போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் ஒன்றைக் குச்சியால் எடுத்துக் கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் போடுங்கள். நாடாப்புழுவின் துண்டு என்றால் தட்டையாக இருக்கும். நீளத்தைவிட அகலம் கூடுதலாக இருக்கும். சில சமயம் நாலைந்து துண்டுகள் கோத்தபடியே வரும். உருண்டையாக, ஒரு முனை கூராக, நெளிந்துகொண்டே இருந்தால் அது ஈப்புழு. பழைய சாணத்தில் ஈ முட்டையிட்டுப் பொரித்தது. ஆட்டின் வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

2. உள்ளே இருப்பது எத்தனை பெரிது என்று தெரிந்துகொள்ளுங்கள். செம்மறியில் அதிகம் காணப்படும் மோனிசியா எக்ஸ்பான்சா என்ற நாடாப்புழு 6 மீட்டர் வரை வளரும். அகலம் ஒன்றரை சென்டிமீட்டர். அதற்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது. தலையில் உள்ள நான்கு உறிஞ்சிகளால் ஆட்டின் சிறுகுடலைப் பற்றிக்கொண்டு, செரித்த உணவை உடம்பின் தோல் வழியாகவே இழுத்துக்கொள்கிறது. முதிர்ந்த கடைசித் துண்டுகள் மட்டும் கழன்று வெளியே வரும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஆயிரக்கணக்கில் முட்டைகள் உண்டு.

3. ஒரு ஆட்டிலிருந்து இன்னொரு ஆட்டுக்கு இது நேராகத் தொற்றாது. புழுக்கையில் உள்ள முட்டையை ஆடு அப்படியே தின்றாலும் நாடாப்புழு வராது. இடையில் ஒரு தரகர் வேண்டும். அந்தத் தரகர் யார் என்று ஆராய்ச்சியாளர்கள் வெகுகாலம் தேடி, கடைசியில் 1937-இல் அமெரிக்காவின் ஹொரேஸ் ஸ்டன்கார்ட் கண்டுபிடித்துச் சொன்னார்: மண்ணில் வாழும் ஒரிபாட்டிட் வகை மைட், அதாவது மண் சிற்றுண்ணி. இது புழுக்கையைக் கொறிக்கும்போது முட்டையையும் விழுங்குகிறது. மண்ணின் சூட்டைப் பொறுத்து 1 முதல் 4 மாதத்துக்குள் அதன் உடம்புக்குள்ளேயே நாடாப்புழுவின் இளம்பருவம் உருவாகிறது. புல்லோடு சேர்த்து அந்தச் சிற்றுண்ணியைக் குட்டி மேய்ந்துவிட்டால், ஏறக்குறைய ஆறு வாரத்தில் புழுக்கையில் வெள்ளைத் துண்டுகள் வரத் தொடங்கும்.

4. இந்தச் சிற்றுண்ணியை ஆட்டின் மேல் தேடாதீர்கள். ரோமத்தில் ஒட்டி ரத்தம் குடிக்கும் உண்ணி வேறு, சொறியை உண்டாக்கும் உண்ணி வேறு. மண் சிற்றுண்ணி ஆட்டைக் கடிப்பதே இல்லை. மக்கிய இலை, பூஞ்சணம், பாசி ஆகியவையே அதன் ஆகாரம். நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பழுப்பு நிறத்தில் உடம்பு கெட்டியான ஓட்டோடு இருக்கும். ஆடு குளிப்பாட்டும் மருந்தால் இந்த விஷயத்தில் ஒரு பயனும் இல்லை.

5. கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்பவர்கள் வீட்டிலேயே பிடித்துப் பார்க்கலாம். ஒரு தண்ணீர் பாட்டிலை நடுவில் வெட்டி, மேல் பாதியைக் கவிழ்த்துப் புனலாக வையுங்கள். அதற்குள் பழைய கொசுவலைத் துண்டு ஒன்றைப் பொருத்தி, மேய்ச்சல் நிலத்துப் புல்லைப் பிடுங்கி, வேரோடும் வேரடி மண்ணோடும் ஒரு கைப்பிடி அதன்மேல் வையுங்கள். புனலுக்குக் கீழே வெள்ளைக் கிண்ணத்தில் சிறிது தண்ணீர். மேலே ஒரு சாண் உயரத்தில் 40 வாட் குண்டு பல்பு. (எல்இடி பல்பு வேண்டாம், அதில் தேவையான சூடு வராது.) புல் காய்ந்து பற்றிக்கொள்ளாதபடி அவ்வப்போது கவனித்துக்கொள்ளுங்கள். மண் மேலிருந்து காயக் காய உள்ளே இருப்பவை ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கி, கிண்ணத்தில் விழும். ஓரிரு நாள் கழித்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பழுப்புப் புள்ளிகள் காலை அசைக்கும். எதற்குள் நாடாப்புழு இருக்கிறது என்பது இதில் தெரியாது. ஆனால் ஏரிக்கரைப் புல்லடி மண்ணையும் உழுத வயல் மண்ணையும் தனித்தனியே வைத்துப் பார்த்தால், குட்டியை எங்கே மேய்க்கலாம் என்பதற்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்காது.

6. அதற்காக மண்ணுக்குப் பூச்சிமருந்து அடிக்கக் கிளம்பாதீர்கள். நிரந்தரப் புல்வெளியில் ஒரு சதுர மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் இவை இருக்கும். இலை தழையை மக்கவைத்து மண்ணை மண்ணாக வைத்திருப்பதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. அடித்த மருந்து புல்லில் தங்கும், அதை ஆடு தின்னும். செலவழித்துச் செய்யும் கெடுதல் இது.

7. மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் பனி உலர்ந்தபிறகே குட்டிகளை ஓட்டுங்கள். மொத்தக் குறிப்புகளில் காசில்லாமல் அதிகப் பலன் தருவது இதுதான். சிற்றுண்ணிக்கு ஈரமும் மங்கிய வெளிச்சமும் வேண்டும். விடியற்காலையிலும் அந்தி மயங்கும் நேரத்திலும் புல்லின் தாளில் ஏறி நிற்கும். வெயில் ஏறியதும் வேரடிக்கும் மண்ணுக்குள்ளும் இறங்கிவிடும். காலை ஒன்பது, பத்து மணிக்குப் பட்டியைத் திறந்து, பொழுது சாய்வதற்குள் திருப்பிக்கொண்டு வருவதென்று பழைய மேய்ப்பர்கள் வைத்திருந்த வழக்கத்தின் நியாயம் இங்கே இருக்கிறது. மூடாப்பும் தூறலுமாக இருக்கும் நாளில் நாள் முழுதுமே காலைப்பொழுது மாதிரிதான். அன்றைக்குக் குட்டிகளை மட்டுமாவது கொட்டிலில் நிறுத்தி, தழை போடுங்கள்.

8. சித்திரை, வைகாசியில் இந்தக் கட்டுப்பாடு வேண்டியதில்லை. சமவெளியில் அப்போது பனியும் இல்லை, புல்லடியில் ஈரமும் இல்லை. அந்த வெயிலில் ஆட்டைப் பத்து மணிக்கு ஓட்டினால் நாடாப்புழுவைவிட வெப்ப அயர்ச்சிதான் முதலில் படுத்தும். அதிகாலையிலும் மாலையிலும் மேயவிட்டு, நடுப்பகலில் நிழலில் கிடத்துங்கள். நீலகிரி போன்ற ஈரம் காயாத மலைப்பகுதிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது.

9. குட்டிகளுக்கென்று இடம் ஒதுக்குங்கள். ஆண்டாண்டாக உழாமல் கிடக்கும் புறம்போக்கு, ஏரி உள்வாய், வாய்க்கால் கரை, மரநிழலில் சருகு மக்கிய இடம் ஆகியவை சிற்றுண்ணிக்குப் பிடித்தவை. உழவு ஓட்டினால் இவற்றின் எண்ணிக்கை சட்டென்று விழுந்துவிடும். புதிதாகப் பெருகி வர நாளாகும். ஆகவே அறுவடை முடிந்த சோளக்காடு, கடலைக்காடு, கம்பங்கொல்லை, புதிதாக உழுது விதைத்த கொழுக்கட்டைப் புல் நிலம் ஆகியவற்றைக் குட்டிகளுக்கு விடுங்கள். பழைய புல்வெளியில் பெரிய ஆடுகள் மேயட்டும்.

10. கிடை போடுவதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அறுத்த வயலில் கிடை அமர்த்தி, நிலம் அடுத்து உழப்படுவதால் புழுக்கையில் உள்ள முட்டைக்கும் சிற்றுண்ணிக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. கொளுத்தும் வெயிலில் காய்ந்த முட்டைகள் வெகுநாள் தாங்குவதில்லை. ஒரே புல்தரையில் மாதக்கணக்கில் பட்டியை நிரந்தரமாக வைத்திருப்பதுதான் ஆபத்து.

11. இடம் மாற்றி மேய்ப்பதால் எல்லாப் புழுவும் ஒழியும் என்று சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். உருண்டைப் புழுக்களுக்கு அது ஓரளவு பயன்படும். நாடாப்புழு விஷயத்தில் ஒரு மாதம் விட்டுத் திரும்பினால் எதுவும் மாறியிருக்காது, ஏனென்றால் சிற்றுண்ணி ஓராண்டுக்கு மேலும் உயிர்வாழும். வாழும்வரை தனக்குள் இருக்கும் இளம்புழுவைச் சுமந்துகொண்டே இருக்கும். மாடும் செம்மறியும் மாறி மாறி மேய்வது சற்று உதவும். மாட்டில் அதிகம் இருப்பது மோனிசியா பெனடெனி என்ற இன்னொரு வகை. ஆனால் அதுவும் செம்மறிக்கு வரக்கூடியதே. வெள்ளாடு இந்தக் கணக்கில் உதவாது, செம்மறிக்கு வரும் அதே புழு அதற்கும் வரும்.

12. புல் அறுத்துப் போடுபவர்கள், பனியோடு அறுக்க வேண்டாம். தரையிலிருந்து நாலு விரல் உயரம் விட்டு அறுத்து, இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் பரப்பி வாடவிட்டு, உதறி எடுத்துப் போடுங்கள். பெரும்பாலான சிற்றுண்ணிகள் உதிர்ந்துவிடும்.

13. அகத்தி, சவுண்டல், வேம்பு, கிளுவை போன்ற மரத்தழைகளைக் கொத்தாகக் கட்டி, குட்டி அண்ணாந்து கடிக்கும் உயரத்தில் தொங்கவிடுங்கள். புழுக்கை விழாத உயரத்தில் வளர்ந்த தழையில் இந்தத் தொற்றுக்கு வழியில்லை. தழை கடித்துத் தின்னும் வெள்ளாட்டைவிட, புல்லை அடியோடு ஒட்ட மேயும் செம்மறி அதிகம் மாட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

14. குட்டியின் வயதை வைத்துக் கணக்குப் போடுங்கள். பால்குடிக் குட்டி இரண்டு மூன்று வார வயதில் புல்லைக் கொறிக்கத் தொடங்கும். அதிலிருந்து ஆறு வாரம் சேர்த்தால் இரண்டு மாதம். எனவே இருபது நாள் குட்டி கழிந்தால் நாடாப்புழு என்று சொல்லி மருந்து ஊற்றாதீர்கள். ரத்தக்கழிச்சலா, பால் செரிக்காததா, வேறு தொற்றா என்று மருத்துவர் பார்க்கட்டும். நாடாப்புழுவுக்கான முதல் மருந்தை இரண்டு முதல் மூன்று மாத வயதில், துண்டுகள் தென்பட்டாலோ பரிசோதனையில் முட்டை தெரிந்தாலோ கொடுப்பது பொருத்தம்.

15. ஆறு மாதம் தாண்டிய ஆட்டின் புழுக்கையில் ஒன்றிரண்டு துண்டு வந்தால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வயது ஏற ஏற எதிர்ப்பு சக்தி வந்துவிடும். இந்தப் புழுவும் வெகுகாலம் வாழ்வதில்லை, பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே கழிந்து போய்விடும். குட்டியின் குடலில் கூட்டமாகச் சேரும்போதுதான் கவலை: வயிறு உப்பி, ரோமம் மங்கி, கழிச்சலும் மலச்சிக்கலும் மாறி மாறி வந்து, வளர்ச்சி நின்றுபோகும். அபூர்வமாகக் குடல் அடைத்துக்கொள்வதும் உண்டு.

16. கண்ணில் படும் புழுவைத் துரத்திக்கொண்டு, கண்ணில் படாத புழுவை விட்டுவிடாதீர்கள். நாடாப்புழு வெள்ளையாக வெளியே வந்து தன்னைக் காட்டிக்கொள்கிறது. பழி முழுவதும் அதன் மேல் விழுகிறது. உண்மையில் ஆட்டைக் கொல்வது பெரும்பாலும் ஹீமாங்கஸ் என்ற உருண்டைப் புழு. நான்காம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தம் என்றால், ஆயிரம் புழு இருக்கும் ஆடு தினம் 50 மில்லி இழக்கிறது. வெளியே ஒரு புழுகூடத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க, கீழ் இமையை விரலால் மெல்ல இறக்கி உட்பக்க நிறத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் சரி. வெளிறிய ரோஜா நிறத்துக்கு வந்தால் எச்சரிக்கை. காகிதம் போல வெளுத்திருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இதற்கென்று ஐந்து நிறம் அச்சிட்ட அட்டையே உருவாக்கினார்கள். தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்குவதும் இதே வகை ரத்தசோகையின் அடையாளம். தட்டைப்புழுவாலும் அது வரும். நாடாப்புழு மட்டும் இருந்தால் இமை இப்படி வெளுக்காது.

17. எல்லாப் புழு மருந்தும் நாடாப்புழுவைக் கொல்லாது. ஐவர்மெக்டின் ஊசி, லெவாமிசோல் இரண்டுக்கும் இது அசையாது. குளோசன்டெலும் அப்படியே. நிக்ளோசமைடு, பிரசிகுவான்டல் இரண்டும் நேரடியாக நாடாப்புழுவைத் தாக்குபவை. அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் சரியான அளவில் கொடுத்தால் இதோடு உருண்டைப் புழுக்களுக்கும் சேர்த்து வேலை செய்யும். "போன தடவை ஊசி போட்டும் புழு வருது" என்பவர்கள் போட்டது எந்த ஊசி என்று முதலில் சீட்டைப் பாருங்கள்.

18. அளவை எடை பார்த்து முடிவு செய்யுங்கள், குத்துமதிப்பு வேண்டாம். குட்டியைச் சாக்கில் இட்டுத் தொங்கு தராசில் மாட்டினால் வேலை முடிந்தது. அல்பெண்டசோல் என்றால் உடல் எடை கிலோவுக்கு 7.5 முதல் 10 மில்லிகிராம். கடையில் பரவலாகக் கிடைக்கும் 2.5 சதவீதக் கரைசலில் ஒரு மில்லியில் 25 மில்லிகிராம் மருந்து உண்டு. ஆக, 10 கிலோ குட்டிக்கு 3 முதல் 4 மில்லி. பாட்டிலுக்குப் பாட்டில் சதவீதம் மாறும், லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். குறைத்துக் கொடுப்பது சிக்கனம் ஆகாது; சாகாமல் தப்பிய புழுக்கள் அந்த மருந்துக்குப் பழகிவிடும். பிறகு அந்த ஊரில் அந்த மருந்தே வீண். மாதாமாதம் மந்தை முழுவதற்கும் ஊற்றுவதும் இதே இடத்தில்தான் கொண்டுபோய் விடும்.

19. ஊட்டும்போது பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் தங்கியிருக்கும். ஆட்டின் தலையை வானத்தைப் பார்க்கத் தூக்காதீர்கள். தரைக்கு இணையாகப் பிடித்து, கடைவாய் ஓரமாகக் குழலை நுழைத்து, நாக்கின் பின்பக்கம் மெதுவாக விடுங்கள். இருமினால் உடனே விட்டுவிடுங்கள். நுரையீரலுக்குள் போன மருந்தால் செத்த குட்டிகளை மந்தைக்கு மந்தை பார்க்கலாம். பழி மருந்தின் மேல் போகும்.

20. கிடா சேர்ந்த முதல் ஒரு மாதம் சினை ஆட்டுக்கு அல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது. கரு ஊனமாக வாய்ப்பு உண்டு.

21. மருந்து கொடுத்தபின் ஒன்றிரண்டு நாள் பட்டியிலேயே வைத்துத் தீனி போடுங்கள். அந்த நாட்களில்தான் துண்டு துண்டாகப் புழு வெளியேறும். உடனே மேய்ச்சலுக்கு விட்டால் முட்டையை நாமே நிலமெங்கும் விதைத்த மாதிரி ஆகிவிடும். அந்தப் புழுக்கையைக் கூட்டி எருக்குழியில் போட்டு மூடுங்கள். குவியலின் நடுவில் கைவைக்க முடியாத சூடு ஏறி, நன்கு மக்கிய எரு என்றால் நிலத்துக்குத் தாராளமாகப் போடலாம். பச்சை எருவை மேய்ச்சல் புல்லில் மட்டும் போடாதீர்கள்.

22. மயில்துத்தக் கரைசல் ஊற்றும் பழைய வைத்தியத்தை விட்டுவிடுங்கள். நாடாப்புழுவுக்கு ஒருகாலத்தில் பல நாடுகளில் அது மருந்தாக இருந்தது உண்மை. ஆனால் தாமிர நஞ்சு செம்மறியைத் தாக்குமளவுக்கு வேறெந்தக் கால்நடையையும் தாக்குவதில்லை. ஈரலில் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் ஆட்டைச் சாய்த்துவிடும்.

23. மழைக்குப் பின் தளதளவென்று வளர்ந்த இளம்புல்லில் நன்றாக மேய்ந்த கொழுத்த குட்டி திடீரென்று துள்ளி விழுந்து செத்தால், அது துள்ளுமாரியாக இருக்கலாம். குடலில் உள்ள கிளாஸ்டிரிடியம் கிருமியின் நஞ்சால் வருவது. நாடாப்புழுக் கூட்டம் குடலின் ஓட்டத்தை மந்தமாக்கி அதற்கு இடம் கொடுக்கிறது என்றும் கருதப்படுகிறது. புழு மருந்தால் துள்ளுமாரியைத் தடுக்க முடியாது. மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

24. ஆடு வளர்க்காதவர்களுக்கும் ஒரு குறிப்பு: ஆட்டுக்குடல் வாங்கிக் கழுவும்போது உள்ளே வெள்ளை நாடா நீண்டு வந்தால் அருவருப்பாக இருக்கும், ஆபத்து ஒன்றுமில்லை. கறி சாப்பிடுவதால் இந்த நாடாப்புழு மனிதருக்கு வராது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, குடலைப் புரட்டி மஞ்சளும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாக வேகவைத்தால் போதும்.

25. ஈரலிலோ நுரையீரலிலோ குடல் சவ்விலோ தண்ணீர் நிறைந்த கட்டிகள் இருந்தால் அது வேறு கதை. அவை நாயின் நாடாப்புழுக்களுடைய இளம்பருவம். நாயிடமிருந்து புல் வழியாக ஆட்டுக்கு வந்தவை. மூளையில் கட்டி வளர்ந்தால் ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும். ஈரலில் வரும் ஒரு வகை, நாய் கழிக்கும் புழு முட்டை மூலம் மனிதருக்கும் வந்து பெரிய அறுவை சிகிச்சையில் கொண்டு விடக்கூடியது. அந்தக் கட்டிகளை நாய்க்கு வீசாதீர்கள். எரியுங்கள், அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். காவல் நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரசிகுவான்டல் மாத்திரை கொடுங்கள். நாயைத் தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்காதீர்கள்.

26. மருந்து கொடுத்த ஆட்டை மறுநாளே கறிக்கு விற்காதீர்கள். எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும், லேபிளில் அச்சிட்டிருப்பார்கள். கொடுத்த தேதியையும் மருந்தின் பெயரையும் கொட்டில் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்தாலே போதும்.

27. மருந்து வாங்கப் போகுமுன் புழுக்கையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நாலைந்து குட்டிகளின் புதுப் புழுக்கையைத் தனித்தனி பிளாஸ்டிக் பையில், காற்றைப் பிதுக்கி வெளியேற்றிக் கட்டி, எந்தக் குட்டி என்று எழுதி, அன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் சேருங்கள். தாமதமானால் உருண்டைப் புழுவின் முட்டைகள் பொரித்துவிடும், கணக்குத் தப்பும். மறுநாள்தான் போக முடியும் என்றால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறைய விடாதீர்கள். நுண்ணோக்கியில் மோனிசியா எக்ஸ்பான்சாவின் முட்டை முக்கோணமாகவும், பெனடெனியின் முட்டை சதுரமாகவும், உருண்டைப் புழுக்களுடையது நீள்வட்டமாகவும் தெரியும். நாடாப்புழு இருக்கிறதா, உருண்டைப் புழு இருக்கிறதா என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே பரிசோதனையில் பதில் கிடைத்துவிடும். குட்டி எழ முடியாமல் படுத்துவிட்டால் காத்திருக்காமல் 1962 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழையுங்கள். கால்நடை மருத்துவ ஊர்தி ஊருக்கே வரும்.